அறுவை அரங்கின் கருவிகள்

நுழையும்முன்

அறுவை மருத்துவர் என்றதும் கையில் கத்தி ஏந்திய ஒருவரே நம் நினைவுக்கு வருகிறார். அக்கத்தி தன் வேலையைச் சில நொடிகளில் முடித்துத் தட்டிற்குத் திரும்பிவிடுகிறது. அதன்பின் தொடங்கும் நெடும்பணியைச் செய்து முடிப்பவை வேறு கருவிகள். அவற்றின் வடிவையும் பயனையும், அவ்வடிவுகள் அமைந்ததன் காரணத்தையும் இப்பாடம் விளக்குகிறது.

தட்டில் உள்ளவை

வயிற்று அறுவைக்காக ஆயத்தம் செய்யப்பட்ட கருவித் தட்டு ஒன்றனை மனக்கண்ணால் காணுங்கள். கிருமி நீக்கிய பச்சைத் துணியின்மேல் எஃகுக் கருவிகள் வரிசையாக வைக்கப்பட்டுள்ளன. அவற்றை இனம் பிரித்தால் ஒரு வியப்பு காத்திருக்கிறது. வெட்டுவதற்கென்றே அமைந்தவை கத்தி ஒன்றிரண்டும் கத்தரி சிலவுமே. எஞ்சியவை எல்லாம் பிடிப்பவை, விலக்குபவை, உறிஞ்சுபவை, தைப்பவை. ‘அறுவை’ என்று நாம் இட்ட பெயர் அத்தொழிலின் மிகச் சிறிய பகுதியையே சுட்டுகிறது.

காரணம் எளிது. உடலைத் திறத்தல் அரிய செயல் அன்று. போர்க்களத்து வாளும் அதனைச் செய்யும். திறந்த இடத்தில் குருதி பெருகும். கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிரிகள் உட்புகும். திறந்ததை மீண்டும் மூடவேண்டும். உள்ளே எதனையும் விட்டுவிடாமல் மூடவேண்டும். தட்டில் உள்ள ஒவ்வொரு கருவியும் இவ்விடர்களுள் ஏதேனும் ஒன்றற்கு மனிதன் கண்ட விடையாகும்.

வலி என்னும் இடருக்குக் கருவியால் விடை காண இயலவில்லை. 1846ஆம் ஆண்டு அக்டோபர் 16 அன்று அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஈதர் ஆவியை நோயாளிக்கு ஊட்டிப் பலர் முன்னிலையில் அறுவை நிகழ்த்திக் காட்டினர். அதற்கு முன்பு விரைவே அறுவை மருத்துவரின் தலையாய திறமையாகக் கருதப்பட்டது. மயக்க மருந்து வந்தபின் மருத்துவருக்குக் காலம் கிடைத்தது. காலம் கிடைத்ததால் கை நுண்மை பெற்றது. கருவிகளும் நுண்மை பெற்றன.

கத்தியும் கத்தரியும்

இன்றைய அறுவைக் கத்தி இரு பகுதிகளால் ஆனது. பிடி நிலையானது, அலகு ஒருமுறை பயன்படுத்தி எறியப்படுவது. முற்காலத்தில் கத்தி முழுவதும் ஒரே துண்டாக இருந்தது, மழுங்குந்தோறும் தீட்டவேண்டியிருந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கழற்றி மாட்டும் அலகு பழக்கத்திற்கு வந்தபோது, தீட்டும் வேலை ஒழிந்தது.

அலகுகளுக்குப் பெயர் இல்லை, எண்களே உண்டு. 10ஆம் எண் அலகின் விளிம்பு வயிறுபோல் வளைந்திருக்கும். தோலில் நீண்ட கீறலிட அது உதவும். 11ஆம் எண் அலகு கூர்நுனி உடையது. சீழ்க்கட்டியைக் குத்தித் திறக்க ஏற்றது. 15ஆம் எண் அலகு 10ஆம் எண்ணின் சிறுவடிவம். முகம் போன்ற நுண்ணிய இடங்களுக்கு உரியது. இம்மூன்றும் 3ஆம் எண் பிடியில் பொருந்தும். 20 முதலான பெரிய அலகுகளுக்கு 4ஆம் எண் பிடி வேண்டும். அலகைப் பிடியில் மாட்டும்போது விரலால் தொடுதல் கூடாது. ஊசிப்பிடிப்பான் கொண்டே மாட்டுதல் முறை. இவ்விதியை மீறிக் கையை அறுத்துக்கொள்ளாத பயிற்சி மருத்துவர் அரிது என்பார்கள்.

கத்தரிகளுள் மேயோ, மெட்சன்பாம் என இரண்டனை அறிந்தால் போதும். மேயோ தடித்தது, உறுதியான தசைநார்ப் படலத்தையும் நூலையும் வெட்டும். மெட்சன்பாம் நீண்ட காம்பும் குறுகிய அலகும் கொண்டது. மென்மையான திசுக்களுக்கு மட்டுமே உரியது. அதனால் நூலை வெட்டினால் அலகு மழுங்கிவிடும். வீட்டில் துணி வெட்டும் கத்தரியால் பிள்ளைகள் அட்டையை வெட்டும்போது தாய்மார் கொள்ளும் சினமே இங்குச் செவிலியர் கொள்ளும் சினமும்.

குருதியை நிறுத்தும் அலகு

தட்டில் மிகுதியாக உள்ள கருவி, மருத்துவமனைகளில் ‘ஆர்ட்டரி ஃபோர்செப்ஸ்’ என வழங்கும் குருதிக்குழாய் இடுக்கியே. பார்வைக்குக் கத்தரிபோல் இருக்கும். விரல்களை நுழைக்க இரு வளையங்கள் உண்டு. ஆனால் முனையில் வெட்டும் விளிம்பு இல்லை. மாறாக, குறுக்குக் கோடுகள் செதுக்கிய இரு தாடைகள் உள்ளன. வளையங்களுக்கு அருகில் உள்ள பூட்டுப் பற்களே இக்கருவியின் உயிர். ஒருமுறை அழுத்தினால் பற்கள் ஒன்றோடொன்று கவ்விக்கொள்ளும். கையை எடுத்தாலும் தாடை திறவாது. குருதி பீறிடும் குழாயின் முனையைக் கவ்விப் பூட்டிவிட்டு, மருத்துவர் அடுத்த குழாயை நாடலாம். பின்னர், கவ்விய இடத்திற்குக் கீழே நூலால் கட்டி இடுக்கியை விடுவிப்பார். ஓர் அறுவையில் இத்தகைய இடுக்கிகள் பலவும் ஒரே நேரத்தில் காயத்தின் ஓரத்தில் தொங்கிக்கொண்டிருக்கும். ஒவ்வொன்றும் தளராத ஒரு கைக்கு ஈடாகும்.

இந்த எளிய தீர்வை அடைய மனித இனம் பட்ட பாடு சிறிதன்று. ஐரோப்பாவில் போர்க்காயமுற்ற காலை அறுத்து நீக்கியபின், குருதியை நிறுத்தப் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சுடுவதே பெருவழக்காக இருந்தது. 16ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் படையின் அறுவையாளராக இருந்த அம்புரோஸ் பாரே அவ்வழக்கத்தைக் கைவிட்டார். குருதிக்குழாயின் முனையை ஒரு கருவியால் பற்றி இழுத்து, நூலால் கட்டினார். அக்கருவிக்கு அவர் மொழியில் வழங்கிய பெயர் ‘காக்கை அலகு’ என்று பொருள்படும்.

இப்பெயர் நம்மைத் திடுக்கிடச் செய்ய வேண்டும். ஏனெனில், அவருக்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே, சுசுருத சங்கிதை என்னும் வடமொழி மருத்துவ நூல் விலங்கு, பறவைகளின் வாய்களைப் பார்த்தே இடுக்கிகளுக்குப் பெயரிட்டுள்ளது. அரிமா முகம், புலி முகம், காக்கை முகம் எனப் பலவற்றைக் கூறி, நாரை அலகு போன்ற இடுக்கியே சிறந்தது என அந்நூல் தேர்கிறது. எளிதாக உள்ளே நுழைகிறது, உறுதியாகப் பற்றுகிறது, தடையின்றி வெளியே வருகிறது என்பன அதற்குக் காட்டும் காரணங்கள். சேற்றில் நின்று மீனைப் பற்றும் நாரையைக் கண்டவர்க்கு இது விளங்கும். அந்நூல் கூரற்ற கருவிகள் 101 என்றும், கூர்மையுடைய கருவிகள் 20 என்றும் வகுக்கிறது. கூர்மையுடையவற்றைக் காட்டிலும் கூரற்றவை ஐந்து மடங்கு! நாம் தட்டில் கண்ட கணக்கும் ஏறத்தாழ இதுவே. கருவிகள் அனைத்தினும் தலையாயது மருத்துவனின் கையே என்று கூறவும் அந்நூல் மறக்கவில்லை.

தமிழகத்தில் 11ஆம் நூற்றாண்டில் வீரராசேந்திர சோழன் காலத்துத் திருமுக்கூடல் கல்வெட்டு, 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலை ஒன்றனைக் குறிக்கிறது. அங்கு மருத்துவரோடு, ‘சல்லியக்கிரியை’ செய்வார் ஒருவரும் தனியே அமர்த்தப்பட்டிருந்தார். சல்லியம் என்பது உடலில் தைத்த அம்பு முதலியவற்றைக் குறிக்கும் சொல். உள்ளே தங்கிய அயற்பொருளைப் பற்றி வெளியே எடுத்தலே அக்கலைக்குப் பெயராயிற்று என்பதை மனத்தில் இருத்துங்கள். இப்பாடத்தின் இறுதியில் இதே பொருளுக்கு மீண்டும் வருவோம்.

பிடிக்கும் கருவிகளுள் வேறு சிலவும் உண்டு. பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் அழுத்திப் பிடிக்கும் சாமணம் இருவகைப்படும். நுனியில் பல் உள்ளது தோலைப் பற்றும். பல் அற்றது குடல் போன்ற மென்மையான உறுப்பைப் பற்றும். பல்லுள்ள கருவிதான் கொடியது என்று தோன்றும். ஆனால் தோலைப் பொறுத்தவரை உண்மை வேறு. பல் இல்லாத சாமணம் வழுக்காமலிருக்க மிகுதியாக அழுத்தவேண்டும். அவ்வழுத்தம் தோலை நசுக்கிவிடும். பல் உள்ளது சிறிதளவே அழுத்திப் பற்றிக்கொள்ளும்.

காயத்தின் ஓரங்களை விலக்கிப் பிடிப்பது விலக்கி. மருத்துவமனைகளில் இதனை ‘ரிட்ராக்டர்’ என்பர். இதனைப் பிடித்துக்கொண்டு மணிக்கணக்கில் அசையாமல் நிற்பதே மருத்துவ மாணவர் பலர்க்கும் அறுவை அரங்கில் கிடைக்கும் முதற்பணி.

குருதியை நிறுத்த மின்சாரமும் இன்று உதவுகிறது. 1926இல் பாஸ்டனில் ஹார்வி குஷிங் என்னும் மூளை அறுவை வல்லுநரும், வில்லியம் போவி என்னும் அறிவியலறிஞரும் இம்முறையை வழக்கத்திற்குக் கொணர்ந்தனர். வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுற்று அலைவது. அது நரம்பையும் தசையையும் தாக்கும். டயதெர்மி கருவியின் மின்சாரமோ நொடிக்குப் பல இலக்கம் சுற்று அலைவது. நரம்பு அதற்கு எதிர்வினை காட்டுவதற்குள் திசை மாறிவிடுகிறது. கூர்நுனியில் வெப்பம் குவிந்து சிறு குழாய் சுட்டு மூடப்படுகிறது. அதே மின்சாரம், நோயாளியின் தொடையில் ஒட்டிய அகன்ற தகட்டின் வழியே பரந்து தீங்கின்றி வெளியேறுகிறது.

கண்ணுக்குத் தெரியாத பகை

வலியும் குருதியும் கட்டுக்குள் வந்தபின்னும் அறுவைக்குப்பின் இறந்தோர் பலர். காயம் சீழ்ப்பிடித்ததே காரணம். பாஸ்டரின் நுண்ணுயிர் ஆய்வுகளைப் படித்த ஜோசப் லிஸ்டர், 1865இல் கிளாஸ்கோ மருத்துவமனையில் வண்டி ஏறிக் கால் முறிந்த 11 வயதுச் சிறுவன் ஒருவனின் காயத்திற்குக் கார்பாலிக் அமிலத்தில் தோய்த்த துணியை இட்டார். எலும்பு தோலைக் கிழித்து வெளிவந்த அத்தகைய முறிவுகளில் காலை வெட்டி எறிவதே அக்காலத்தில் பெரிதும் நிகழ்ந்தது. அச்சிறுவன் ஆறு வாரங்களில் தன் கால்களாலேயே நடந்தான்.

இதன்பின் கருவிகளின் உருவமே மாறத் தொடங்கியது. அதுவரை கத்திகளுக்குத் தந்தத்தாலும் கருங்காலியாலும் அழகிய பிடிகள் செய்து, வெல்வெட்டு விரித்த பேழைகளில் வைத்திருந்தனர். அப்பிடிகள் கொதிநீரைத் தாங்கா. அவற்றின் செதுக்கல்களில் அழுக்குத் தங்கும். ஆதலால் பிடி முதல் நுனி வரை உலோகமாயிற்று. அழகு நீங்கியது, வழவழப்பு வந்தது. இன்று நாம் காணும் துருப்பிடிக்காத எஃகுக் கருவிகளின் எளிமை, நுண்ணுயிரிகளுக்கு அஞ்சி மேற்கொண்ட எளிமை.

கொதிநீரும் போதாது என்பது விரைவில் தெரிந்தது. இசிவுநோயை உண்டாக்கும் நுண்ணுயிரியின் விதைபோன்ற உறங்குநிலை வடிவங்கள் 100 பாகையிலும் பிழைத்திருக்கும். பாஸ்டரின் உடன்பணியாளர் சார்லஸ் சேம்பர்லாந்து 1879இல் அமைத்த ஆட்டோகிளேவ் இதற்கு விடையாயிற்று. நம் வீட்டுப் பிரஷர் குக்கரும் அதுவும் ஒரே தத்துவத்தில் இயங்குபவை. மூடிய கலத்தில் அழுத்தம் கூட, நீராவியின் வெப்பம் 121 பாகை செல்சியசுக்கு ஏறுகிறது. காற்றை முழுவதும் வெளியேற்றியபின், அவ்வெப்பத்தில் குறைந்தது 15 நிமிடங்கள் வைத்தால் உறங்குநிலை வடிவங்களும் அழியும். பொதியின்மேல் ஒட்டிய நாடாவில் வெளிறிய கோடுகள் கறுத்துத் தோன்றினால், அப்பொதி வெப்பத்திற்கு உள்ளாயிற்று என்று பொருள். உள்ளே ஒவ்வொரு மூலைக்கும் நீராவி சென்றதா என்பதை அறிய வேறு சோதனைகள் உண்டு. கறுத்த கோட்டை மட்டும் நம்பி நிறைவுகொள்வது தவறு.

இங்கே கையுறையைப் பற்றி ஒரு செய்தி. அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் வில்லியம் ஹால்ஸ்டெட் என்னும் மருத்துவரின் அரங்கில் பணியாற்றிய செவிலியர் கரோலின் ஹாம்ப்டன். கிருமிநாசினி நீரால் அவருடைய கைகள் புண்ணாயின. அவருக்காகவே மெல்லிய இரப்பர் கையுறைகளைச் செய்து தருமாறு ஒரு நிறுவனத்தை ஹால்ஸ்டெட் 1889ஆம் ஆண்டளவில் கேட்டுக்கொண்டார். பின்னர்ப் பிறரும் அணிந்தனர்; காயங்கள் சீழ்ப்பிடிப்பது குறைந்தது கண்டு அது கட்டாயமாயிற்று. நோயாளியைக் காக்கும் கையுறை, செவிலியர் ஒருவரைக் காக்கப் பிறந்தது. ஹால்ஸ்டெட் பின்னர் அவரையே மணந்துகொண்டார்.

ஊசியும் நூலும்

சேரர் புகழ் பாடும் பதிற்றுப்பத்தின் ஐந்தாம் பத்தில், போர்வீரர் மார்புப் புண்ணைத் தைக்கும் நீண்ட வெள்ளூசியைப் பரணர் காட்டுகிறார். மீன் தேடிக் குளத்து நீருள் பாய்ந்து எழும் சிரல் பறவையை அவர் அதற்கு உவமை ஆக்குகிறார். சிரல் என்பது மீன்கொத்தி. குருதியுள் முழுகி மறுபுறம் பளிச்சென எழும் ஊசியை நேரில் கண்ட ஒருவர்க்கே இவ்வுவமை தோன்றும்.

இன்றைய அறுவை ஊசி பெரும்பாலும் வளைந்தது. ஆழமான காயத்துள் நேர் ஊசியைத் திருப்ப இடம் இராது. வளைந்த ஊசியை ஊசிப்பிடிப்பானில் பற்றி மணிக்கட்டைச் சுழற்றினால் போதும். ஊசி தன் வளைவின் வழியே உட்சென்று மேலெழும். ஊசிப்பிடிப்பான் குருதிக்குழாய் இடுக்கியைப் போன்றே தோன்றுவதால் புதியவர் மயங்குவர். தாடை குட்டையாக, குறுக்கும் நெடுக்குமாகக் கோடிட்டு இருந்தால் அது ஊசிப்பிடிப்பான். ஊசியின் உடலிலும் வேறுபாடு உண்டு. முக்கோண வெட்டு உடையது கடினமான தோலைத் துளைக்கும். உருண்டையானது குடலின் திசுக்களை வெட்டாமல் விலக்கிக்கொண்டு செல்லும்.

நூல், உடலில் கரைவது, கரையாதது என இருவகை. ‘கேட்கட்’ என்னும் பழைய நூலின் பெயரில் பூனையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் இருப்பினும், அதனைச் செய்தது ஆடு, மாடுகளின் குடலிலிருந்தே. குடலைத் தைக்க இத்தகைய கரையும் நூல் வேண்டும்; உள்ளே சென்று தையலைப் பிரிக்க இயலாதன்றோ! இன்று செயற்கை இழைகள் அதன் இடத்தைப் பெரிதும் பிடித்துவிட்டன. தோலில் இடும் நைலான் தையலை முகத்தில் ஐந்து நாள்களுக்குள்ளும், வயிற்றில் ஏழு முதல் பத்து நாள்களிலும் பிரிப்பர். முகத்தில் குருதியோட்டம் மிகுதி. ஆதலின் புண் விரைவில் ஆறும்.

தெரிந்து தெளிவோம்

நூலின் பருமனைச் சுழிகளால் குறிப்பர். சுழி கூடக்கூட நூல் மெலியும். 2–0 நூலினும் 6–0 நூல் மெல்லியது. கண்ணின் கருவிழிப் படலத்தைத் தைக்கும் 10–0 நூல், தலைமயிரினும் மெல்லியது. நுண்ணோக்கியின்கீழ் வைத்தே தைக்க முடியும். கண்ணுள் பொருத்தும் வில்லைகளைச் செய்வதற்காக மதுரையில் 1992இல் தொடங்கப்பட்ட ஆரோலேப் நிறுவனம், பின்னாளில் கண் அறுவைக்கான நூல்களையும் செய்யத் தொடங்கியது.

எண்ணும் குரல்

இதுவரை கூறியவை எல்லாம் எஃகின் பெருமை. அறுவை அரங்கில் மிக எளியதும் மிகுந்த அச்சத்திற்குரியதும் ஒரு துண்டுத் துணியே.

இராசபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் விசைத்தறிகள் நெய்வது வேட்டியோ சேலையோ அன்று. மருத்துவமனைகளுக்கான காஸ் துணியும் கட்டுத்துணியும் ஆகும். தறியிலிருந்து இறங்கிய துணி நீரை உறிஞ்சாது. பருத்தி இழையின்மேல் இயற்கையான மெழுகுப் படலம் உண்டு. நெசவுக்காக ஏற்றிய கஞ்சியும் உண்டு. காரத்தில் வேகவைத்து, வெளுத்து, அலசிய பின்னரே அது குருதியை உறிஞ்சும் வெண்துணி ஆகிறது.

அவ்வுறிஞ்சும் தன்மையே ஆபத்தும் ஆகும். குருதியில் தோய்ந்த காஸ், குடல் மடிப்புகளுக்கிடையே குருதியின் நிறத்திலேயே ஒளிந்துகொள்ளும். அதனை உள்ளேயே வைத்துத் தைத்துவிட்டால் சீழ்க்கட்டி உருவாகும், குடல் அடைபடும், சில வேளைகளில் பல ஆண்டுகள் கழித்தே அது வெளிப்படும். எனவேதான் உடற்குழியுள் வைக்கும் காஸில் எக்ஸ்ரே படத்தில் தெரியும் இழை ஒன்றனைச் சேர்த்து நெய்கின்றனர். ‘மாப்’ எனப்படும் பெரிய துணிகளுக்கு வால்போல் நாடா தைத்து, அதன் நுனியைக் காயத்திற்கு வெளியே இடுக்கியால் கவ்வி வைக்கின்றனர். இவற்றுக்கெல்லாம் மேலானது எண்ணிக்கை. தொடங்குமுன் ஒருமுறை, உடற்குழியை மூடுமுன் ஒருமுறை, தோலைத் தைக்குமுன் ஒருமுறை. கருவி நீட்டும் செவிலியரும் வெளியே நிற்கும் செவிலியரும் சேர்ந்து, இருவர் காதிலும் விழும்படி வாய்விட்டு எண்ணுவர்.

பல்லாண்டுகளுக்கு முன் எனக்குக் குடல்வால் அறுவை நடந்தது. முதுகில் ஊசியிட்டிருந்ததால் இடுப்புக்குக் கீழே உணர்வில்லை, ஆனால் விழித்திருந்தேன். முகத்தின் முன்னே தொங்கிய துணித்திரைக்கு அப்பால் நடப்பதைக் காதால் மட்டுமே அறிந்தேன். அறுவை முடிந்துவிட்டது என்று நான் எண்ணிய வேளையில், இளம்பெண் ஒருவரின் குரல் எண்ணத் தொடங்கியது. ஒன்பதோடு நின்றது. மீண்டும் எண்ணியது, மீண்டும் ஒன்பது. “காஸ் ஒன்று குறைகிறது, ஐயா” என்றார். “நான் உள்ளே எதுவும் வைக்கவில்லை” என்று மூத்த மருத்துவரின் குரல் சற்றே கடுமையாக வந்தது. சிறிது நேரம் ஒருவரும் பேசவில்லை. அப்பெண் மறுபடியும், முன்னினும் தாழ்ந்த குரலில், “ஒன்பதுதான் இருக்கிறது, ஐயா” என்றார். மருத்துவர் ஊசிப்பிடிப்பானைத் தட்டில் வைக்கும் ஓசை கேட்டது. தேடினார்கள். தரையில், அழுக்குத் துணி வாளியின் பின்னே அது கிடந்தது. “பத்து” என்றது குரல். அதன்பின்னரே என் வயிறு மூடப்பட்டது. அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. அனுபவம் மிக்க ஒருவரின் நினைவைக் காட்டிலும் ஒன்பது என்னும் எண்ணை நம்பிய அவருடைய துணிவை, வகுப்பறையில் பலமுறை நினைத்துக்கொண்டதுண்டு.

அத்துணிவு தனிமனிதரின் இயல்பை மட்டும் சார்ந்து இருத்தல் கூடாது என்பதை உலகம் பின்னர் உணர்ந்தது. உலக நலவாழ்வு அமைப்பு 2008இல் அறுவைப் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியல் ஒன்றை வெளியிட்டது. அதில் உள்ளவை 19 வினாக்கள்; ஒரே தாளில் அடங்குபவை. மயக்கமருந்து கொடுக்குமுன், கீறலிடுமுன், நோயாளி அரங்கைவிட்டு வெளியேறுமுன் என மூன்று நிலைகளில் அவற்றை உரக்கப் படித்துச் சரிபார்க்கவேண்டும். நோயாளியின் பெயர் என்ன, அறுக்கவேண்டிய பக்கம் எது என்பன போன்று, கேட்கவும் வேண்டுமோ என்று தோன்றும் எளிய வினாக்களே அவை. இறுதி நிலையில் கருவி, காஸ், ஊசி ஆகியவற்றின் கணக்குச் சரியா என்பதைச் செவிலியரே வாய்மொழியாக உறுதிசெய்ய வேண்டும். புதுதில்லி உட்பட எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் இதனைச் சோதித்தனர். அறுவைக்குப்பின் இறந்தோர் விழுக்காடு 1.5இலிருந்து 0.8ஆகக் குறைந்தது.

தையல் முடிந்ததும் கருவிகள் சிறுநீரக வடிவத் தட்டில் திரும்புகின்றன. கீல்களைத் திறந்து, பற்களின் இடுக்குகளைத் தூரிகையால் தேய்த்துக் கழுவுகின்றனர். குருதி உலர்ந்து ஒட்டிய இடத்தில் நீராவி புகாது. பின்னர்த் துணியில் பொதிந்து ஆட்டோகிளேவில் வைக்கின்றனர். மறுநாள் காலையில் நாடாவின் கறுத்த கோடுகளைப் பார்த்து, பொதியைப் பிரிக்கும் செவிலியர் முதல் வேலையாக உள்ளே உள்ளவற்றை எண்ணத் தொடங்குகிறார்.